முள்ளுக்குப் பின்னால் பதினான்கு மீட்டர்

கருவி எட்டரைக்கே கிணற்றுக்குள் இறங்கத் தொடங்கியிருக்கும். யசோதரா கைக்கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது என்று வைத்திருந்தாள், இரண்டு நிமிடத்துக்கு முன்னால்தான் பார்த்தாள், ஒன்பது பதினெட்டு, இப்போது பார்த்தால் ஒன்பது இருபது என்று காட்டும், அதைத் தெரிந்துகொண்டு என்ன செய்ய. நூறு கிலோமீட்டருக்கு மேல் தெற்கே, டெல்டாவில் அறுவடை முடிந்த ஒரு வயலுக்கு நடுவே நிற்கும் இரும்புக் கோபுரத்திலிருந்து, கம்பி நுனியில் தொங்கிக்கொண்டு ஒரு நீள உருளை பூமிக்குள் போய்க்கொண்டிருக்கிறது. இரண்டாயிரத்து எண்பது மீட்டரில் அது நிற்கும். பாறைச் சுவரில் மூக்கை வைத்து அழுத்தி, அந்த மணற்கல்லுக்குள் இருக்கும் எண்ணெய் எவ்வளவு அழுத்தத்தோடு முட்டுகிறது என்று ஒரு எண்ணைச் சொல்லும். சதுர சென்டிமீட்டருக்கு இருநூற்று எட்டு கிலோ என்று சொன்னால், இதுவரை யாரும் தொடாத மணல் அது, யசோதரா சொன்னது சரி. நூற்று நாற்பது என்று சொன்னால், ஒன்பது வருஷமாக எண்ணெய் எடுத்துக் களைத்துப்போன பக்கத்துக் கிணற்றின் மணலேதான் அதுவும், மேலதிகாரி வேதமூர்த்தி சொன்னது சரி. அந்த எண் வரும்போது அவள் இருக்கவேண்டிய இடம் அலுவலகத்தின் நீள மேஜை, வேதமூர்த்தி சாருக்கு எதிர் நாற்காலி. அவளோ விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, பண்ருட்டிக்கு அந்தப் பக்கம் முந்திரிக் காட்டுக்குள் ஓடும் கரிச்சான் ஓடையில், தண்ணீர் இல்லாத ஓடையில், கையெல்லாம் முள் கீறிய கோடுகளோடு நின்றுகொண்டிருக்கிறாள். எதிரே அஞ்சலாட்சி ஒரு கவைக்கம்பால் வேலிகாத்தான் முள்ளை அழுத்திப் பிடித்துக்கொண்டு கொடுவாளால் தூரில் போட்டுக்கொண்டிருக்கிறாள். அஞ்சலாட்சி பக்கத்து ஊர்க்காரி, விறகு வெட்டிப் பிழைப்பவள். நேற்று சாயங்காலமே பேச்சு முடிந்துவிட்டது. “வெறகு எனக்கு, பாறை ஒனக்கு” என்று அவளே பிரித்துக் கொடுத்துவிட்டாள், இவ்வளவு நியாயமான பாகப்பிரிவினையை யசோதரா எங்கேயும் பார்த்ததில்லை.

பாறை ஒனக்கு. அந்த வார்த்தை காலையிலிருந்து நாக்கில் தித்திக்கிறது. யாருடைய பாறை. ஓடையின் வடகரை நெடுக ஆறு ஆள் உயரத்துக்குச் செங்குத்தாக நிற்கிற இந்தச் சுவர், மேலே செம்மண், அதன் கீழே வெள்ளையும் இளஞ்சிவப்புமாக மணற்கல், நடுநடுவே ஊதாவும் மஞ்சளும் தெளித்த களிமண் பட்டை, அறுநூற்று நாற்பது மீட்டர் நீளம். இதில் அவள் கை படாத முழம் இல்லை. ஒரு காலத்தில் இங்கே ஆறு ஓடியிருக்கிறது. ஓர் ஆறு இல்லை, பல ஆறுகள், ஒன்று படுத்த இடத்துக்குப் பக்கத்தில் இன்னொன்று, ஒன்றின் தலைமேல் மற்றொன்று. ஒவ்வொன்றும் தன் மணலைப் படுகையில் விட்டுவிட்டு, வெள்ளம் கரை தாண்டிய இடத்தில் களிமண்ணைப் பரப்பிவிட்டு நகர்ந்துவிட்டது. அப்புறம் எல்லாம் இறுகிக் கல்லாகிவிட்டது. டெல்டாவுக்கு அடியில் இரண்டு கிலோமீட்டர் ஆழத்தில் எண்ணெய் ஊறிக் கிடப்பதும் இதே மாதிரி ஆறு போட்ட மணல்தான். அங்கே யாரும் இறங்கிப் பார்க்க முடியாது. ஒரு கிணற்றில் மணல் இருக்கிறது, முந்நூறு மீட்டர் தள்ளி இன்னொரு கிணறு தோண்டினால் அதே ஆழத்தில் அங்கேயும் மணல் இருக்கிறது. இடையில் என்ன? ஒரே விரிப்பா, இரண்டு தனி ஆறுகளா? கிணறு சொல்லாது, கிணறு சாண் அகலம். இந்த ஓடைக்கரை சொல்லும். இங்கே ஆற்றின் இந்தக் கரையும் தெரிகிறது, அந்தக் கரையும் தெரிகிறது. எழுபது மீட்டர், எண்பத்தைந்து, கூடிப்போனால் தொண்ணூறு, அதற்குமேல் எந்த ஆற்றுமணலும் அகலவில்லை. அப்படியென்றால் அங்கே முந்நூறு மீட்டர் இடைவெளியில் இருப்பது வேறு ஆறு. இதைத்தான் அவள் போன வருஷம் கூட்டத்தில் சொன்னாள். வேதமூர்த்தி சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “யசோதரா வெயில்ல நின்னு பார்த்த கல்லுக்கும் ரெண்டு கிலோமீட்டர் கீழ இருக்கிற கல்லுக்கும் என்ன உறவு? மாமன் மச்சானா?” என்று கேட்டார். பன்னிரண்டு பேரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சிரித்திருக்கக் கூடாது. உறவு இல்லை சார், இது வேறு காலம், அது வேறு காலம், ஆனால் தண்ணீர் மணலை இறக்கிவைக்கிற விதம் மாறவில்லை என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பதில் மூன்று நாள் கழித்து எழும்பூர் ஸ்டேஷன் படிக்கட்டில் இறங்கும்போது வந்தது. நல்ல பதில்கள் எப்போதும் படிக்கட்டில்தான் வருகின்றன, கூட்டத்துக்கு வருவதில்லை.

“இந்தாண்ட வாம்மா, கெளை தெறிக்கும்.” அஞ்சலாட்சி கவைக்கம்பைத் திருகினாள், ஒரு பெரிய கிளை நெடுமூச்சு விட்ட மாதிரி சரிந்தது. யசோதரா நகர்ந்துகொண்டாள். முந்திரிப் பூ வாசம் வந்தது, கொஞ்சம் புளிப்பு, கொஞ்சம் சோப்பு. பெரம்பூரில் வளர்ந்தவளுக்கு எந்தப் பூவும் முதலில் சோப்பைத்தான் ஞாபகப்படுத்தும். ஆறே பார்த்ததில்லை. அவள் முதன்முதலில் ஓடுகிற ஆற்றைப் பார்த்தது பத்தொன்பது வயதில், கல்லூரிப் பயணத்தில், ரயில் பாலத்தின் மேலிருந்து. கூட வந்த பெண்கள் காசு வீசினார்கள், இவள் மணல் திட்டைப் பார்த்தாள். திட்டின் ஒரு பக்கம் சரிவாக, மறுபக்கம் செங்குத்தாக இருந்தது. ஏன் என்று யாரிடமும் கேட்கவில்லை, கேட்கத் தோன்றாமலே அது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. அப்பா ரயில் பெட்டிப் பட்டறையில் வேலை. நிலவியல் சேர்ந்ததும் தெருவெல்லாம் நின்று நின்று “எம்பொண்ணு கல்லு படிக்குது” என்றார். அந்தத் தெருவில் லகரத்துக்கும் ளகரத்துக்கும் சண்டை கிடையாதே, எதிர்வீட்டு வேலாயுதம் திகைத்துப்போய், “அதுக்குமா காலேஜ் வச்சிருக்கான்?” என்றார். அப்பா அதற்கும் சளைக்காமல், “இது குடிக்கிறது இல்லப்பா, இடிக்கிறது” என்றார். வேலைக்குச் சேர்ந்த நிறுவனத்தில் முதல் எட்டு வருஷம் அவளைக் களத்துக்கே அனுப்பவில்லை, கணினித் திரையில் கோடு போடு, அதுதான் பெண்ணுக்குச் சௌகரியம். போட்டாள். இரண்டு கிணற்றுக்கும் நடுவே கோடு இழுக்கும்போதெல்லாம் விரல் கூசும், இந்தக் கோட்டுக்கு ஆதாரம் என்ன, அளவுகோல்தான் ஆதாரம், அது நேராக இருந்தது, அதனால் கோடும் நேராக இருந்தது. ஆறு எங்கே நேராகப் போயிருக்கிறது.

பிறகுதான் இந்த ஓடை. இரண்டு கோடை. இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு மேலிருந்து இறங்கி, மீட்டர் குறித்த கம்பைச் சுவரில் சாய்த்து, ஒவ்வொரு அடுக்கையும் தொட்டு எழுதினாள். அடுக்குகள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால் தண்ணீர் அந்தப் பக்கம் போயிருக்கிறது. கீழே கூழாங்கல் வரிசை இருந்தால் அதுதான் ஆற்றின் அடி. களிமண்ணில் வேர்த்தடம் இருந்தால் அங்கே கரை, புல் முளைத்திருக்கிறது, ஏதோ ஒரு மிருகம் நின்று மேய்ந்திருக்கும். முழங்கால் சிப்பியில் நீர் கோர்த்தது, தோல் இரண்டு முறை உரிந்தது. ஒரு மத்தியானம் கயிற்றில் தொங்கிக்கொண்டே ஓர் ஆற்றின் வலக்கரை முழுவதையும், அது வளைந்து ஏறி மெலிந்து களிமண்ணுக்குள் முடிகிற கோடு முழுவதையும், ஒரே பார்வையில் கண்டாள். எழுதாமல் அப்படியே தொங்கினாள். உலகத்தில் இதைப் பார்த்தவள் நான் ஒருத்திதான் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. சம்பளப் பட்டியலில் அதற்குப் பத்தி கிடையாது. ஆனால் அதற்குப் பிறகு அவள் நடையே மாறிவிட்டதாக ஷாகுல் சொன்னான். ஷாகுல் நாகூர்க்காரன், கிணற்றடியில் இருக்கிற இளம் நிலவியலாளன், இன்றைக்கு எண்ணைப் படித்துச் சொல்லப்போகிறவன். “மேடம், நீங்க இப்பல்லாம் லிஃப்ட்டுக்குக்கூட நிமிர்ந்துதான் நிக்கிறீங்க” என்றான். இருக்கும். கர்வம்தான். கர்வம் என்றால் கெட்ட வார்த்தை மாதிரி பேசுகிறார்கள், கண்ணால் பார்த்து, கையால் தொட்டு, அளந்து எழுதியவளுக்குக் கர்வம் இல்லாமல் வேறென்ன இருக்கும்.

கண்ணால் பார்த்து. அங்கே வந்து நினைப்பு முட்டிக்கொண்டது. காலையிலிருந்து எந்தப் பக்கம் சுற்றினாலும் கடைசியில் இந்த முள்ளில்தான் வந்து மாட்டுகிறது. இந்தச் சுவரில் ஓர் ஆற்றுமணலும் அடுத்த ஆற்றுமணலும் நெருங்கி வருகிற இடங்கள் பதினொன்று. பத்து இடங்களில் இரண்டுக்கும் நடுவே களிமண் பட்டை இருப்பதை அவள் கண்ணாரப் பார்த்தாள். எண்ணெய் களிமண்ணைத் தாண்டாது. பதினோராவது இடத்தில் வேலிகாத்தான் புதர் சுவரோடு சுவராக மூடிக்கிடந்தது, பதினான்கு மீட்டர். உள்ளே போக வழியில்லை, மழை நெருங்கிவிட்டது, வண்டிக்காரர் மேலிருந்து ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். நோட்டில் புள்ளிக் கோடாகப் போட்டுப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் வைத்தாள். வைத்தாள், அது நோட்டில் இன்னும் இருக்கிறது. ஆனால் அடுத்த கூட்டத்துக்குப் படம் வரைந்தபோது, இரவும் இல்லை பகலும் இல்லை என்கிற ஒரு நான்கு மணிக்கு, மாமன் மச்சானா என்ற சிரிப்பு காதுக்குள் இருக்கும்போது, புள்ளிக் கோடு இருந்தால் வேதமூர்த்தி அதில்தான் விரலை வைப்பார் என்று பட்டது. முழுக் கோடு போட்டாள். பதினொன்றுக்குப் பதினொன்று என்று கீழே எழுதினாள். யாரும் கேட்கவில்லை. அந்தக் கோட்டைப் பார்த்துத்தான், இன்றைக்குக் கருவி இறங்குகிற இந்தப் பதினேழாம் கிணற்றுக்கு அனுமதி கொடுத்தார்கள். அந்த வயலில் இனி வேறு கிணறு கிடையாது, இது பொய்த்தால் அந்த இடத்தையே மூடிவிடுவார்கள். ஓடைக்கரையில் போய் அளக்கிற வேலைக்கும் இனி யாரும் கையெழுத்துப் போடமாட்டார்கள். ஒரு கோடுதானே. பத்து இடத்தில் அப்படி இருந்தால் பதினோராவதிலும் அப்படித்தான் இருக்கும், இப்படித்தான் எல்லோரும் நினைப்பார்கள். ஆனால் அவள் அன்றைக்கு ஒன்றைப் பார்த்தாள். பஞ்சுருட்டான் குருவி. பச்சைக் குருவி, கூர்வாலோடு, முள்ளுக்குள்ளிருந்து, களிமண் இருக்கவேண்டிய உயரத்திலிருந்து சர்ரென்று வெளியே பறந்தது. பஞ்சுருட்டான் மணலில்தான் வளை தோண்டும். இந்தக் கரை நெடுக அதன் வளைகளைப் பார்த்திருக்கிறாள், களிமண் பட்டைக்கு மேலே இருக்கும், கீழே இருக்கும், பட்டையில் ஒன்றுகூட இருக்காது. பார்த்தாள், குருவி அழகாக இருக்கிறது என்று நினைத்தாள். நினைத்ததாக நினைத்துக்கொண்டாள். அதை நோட்டில் எழுதவில்லை. ஒன்றரை வருஷமாக அந்தக் குருவி பல் விளக்கும்போது பறக்கிறது, பஸ்ஸில் பறக்கிறது, நேற்று முன்தினம் ஷாகுல் போன் செய்து “புதன்கிழமை காலையில கருவி இறங்குது மேடம்” என்றபோது பறந்தது. அதனால்தான் இங்கே.

“என்னாம்மா தேடற இங்க? பொதையலா?” அஞ்சலாட்சி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். புதரில் பாதி போய்விட்டது. “இல்லக்கா. ஒரு தடவ இங்க பார்க்காமயே பார்த்தேன்னு சொல்லிட்டேன். இப்பப் பார்க்க வந்தேன்.” அஞ்சலாட்சி யோசித்தாள். “யார்ட்ட சொன்ன?” “ஆபீஸ்ல.” “அவங்க வந்து பார்க்கப் போறாங்களா?” “இல்ல.” “அப்பறம் இன்னாத்துக்கு முள்ளுல கையக் கிழிச்சிக்கினு நிக்கற?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் கொடுவாளை ஓங்கினாள். பெரிய தூர் ஒன்று முறிந்தது, இரண்டு பேருமாகக் கவையைப் போட்டு இழுத்தார்கள். முள்ளும் சருகும் பழைய சிலந்திக்கூடும் செம்புழுதியுமாகப் புதர் மொத்தமும் ஓடை மணலில் வந்து விழுந்தது. புழுதி அடங்குகிற வரைக்கும் அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். புழுதிக்காகத்தான் மூடியது என்று சொல்லிக்கொள்ளலாம். திறந்தபோது வெயில் முதன்முறையாக அந்த இடத்துச் சுவரில் பட்டுக்கொண்டிருந்தது.

இடப்பக்கத்திலிருந்து களிமண் பட்டை வந்தது, ஊதாவும் மஞ்சளுமாக, ஒரு கை நீளத் தடிமனில், நன்றாகத்தான் வந்தது. அவள் அதனோடு கூடவே நடந்தாள், விரலைப் பட்டையில் வைத்துக்கொண்டு, குழந்தை சுவரில் கோடு இழுத்துக்கொண்டு நடப்பது மாதிரி. நான்கு மீட்டர், ஐந்து, பட்டை மெலிந்தது, முழம் ஆயிற்று, சாண் ஆயிற்று, விரற்கடை ஆயிற்று, விரலுக்கடியில் நறநறவென்றது. மணல். மேலும் மணல், கீழும் மணல். இல்லை, மேலிருந்து மண் சரிந்து மூடியிருக்கும், பாறை உள்ளே இருக்கும், அவசரப்படாதே. சுத்தியலின் கூர்முனையால் மேல்தோலைச் சுரண்டினாள், ஒரு சாண் ஆழம், இரண்டு சாண், பொருக்கு உதிர்ந்து உள்ளே வெள்ளையாகப் புதுப் பாறை வந்தது. சரிந்த மண் இல்லை. கூழாங்கல் வரிசை ஒன்று தெளிவாக ஓடிற்று. அதன் இடையிலிடையிலே ஊதா உருண்டைகள், களிமண் உருண்டைகள். மேலே வந்த ஆறு கீழே இருந்த களிமண்ணைக் கிழித்து, உருட்டி, தன் அடியிலேயே போட்டுவிட்டுப் போயிருக்கிறது. இதைவிடத் தெளிவாக யாரும் கையெழுத்துப் போடமுடியாது. அந்த மணலில் மூன்று குருவி வளைகள். கொஞ்ச தூரம் தள்ளி வலப்பக்கத்தில் பட்டை மறுபடி தொடங்கி, ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடியது. நடுவில் இந்தச் சிறிய வாய். இரண்டு ஆறுகளும் இங்கே தொட்டுக்கொள்கின்றன. அவள் போட்ட முழுக் கோடு இங்கே இல்லை.

சுத்தியலைத் தாழ்த்தினாள். அப்புறம் மளமளவென்று நினைப்புகள், ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு. யாருக்கும் தெரியாது. அஞ்சலாட்சிக்கு இது வெறும் சுவர். வேலிகாத்தான் மூன்று மழையில் மறுபடி மூடிவிடும், அதைப்போல விசுவாசமான செடி கிடையாது. இன்னும் கொஞ்ச நேரத்தில் இருநூற்று எட்டு என்று வரலாம். வந்துவிட்டால் எல்லோரும் கைகொடுப்பார்கள், பதினொன்றுக்குப் பதினொன்று என்ற படத்தைச் சட்டம் போட்டு மாட்டுவார்கள், புதிதாகச் சேருகிற பிள்ளைகளுக்குக் காட்டுவார்கள். அந்தப் பிள்ளைகள் அதை வைத்து வேறு எங்கேயோ வேறு கிணறு தோண்டுவார்கள். நூற்று நாற்பது என்று வந்தால்? வந்தால் அவள் கை தானாக இந்தச் சுவரை நோக்கி நீளும், அங்கே ஒரு வாய் இருந்தது சார், இன்றைக்குத்தான் பார்த்தேன் சார் என்று. அதைவிடக் கேவலமான குரல் ஒன்று தனக்குள் இருக்க முடியுமா என்று அந்தக் குரலை இப்போதே கேட்டுப் பார்த்தாள், கேட்டது, காது கூசியது. ஒன்பது ஐம்பது. கயிற்றில் தொங்கியபோது வந்த அந்தப் படபடப்பு எதனால் வந்தது, சரியாகச் சொன்னதாலா, அன்றைக்கு அவள் எதையுமே சொல்லியிருக்கவில்லையே, பார்த்தாள், அவ்வளவுதான். இப்போதும் பார்த்துவிட்டாள். அப்பாவாக இருந்தால் என்ன சொல்வார் என்று நினைக்கப் போனாள், நிறுத்திக்கொண்டாள், நாற்பத்துநான்கு வயதில் எல்லாவற்றுக்கும் அப்பாவைக் கூப்பிடக் கூடாது. போனை எடுத்தாள். ஓடைக்குள் ஒரே கோடுதான் சிக்னல், அது போதும்.

“சொல்லுங்க யசோதரா.” வேதமூர்த்தியின் குரலுக்குப் பின்னால் நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. “கருவி இப்பதான் ஆழத்துல போய் நின்னிருக்கு. நீங்க லீவுன்னாங்களே?” “ஓடையில இருக்கேன் சார். என் படத்துல ஒரு தப்பு இருக்கு, சொல்லணும்.” அந்தப் பக்கம் நாற்காலிச் சத்தம் நின்றது. “பதினோராவது இடத்துல நடுவுல களிமண் இல்ல. ரெண்டு மணலும் ஒரு சின்ன வாய் மாதிரி தொட்டுக்கிட்டு இருக்கு. அப்ப முள்ளு மூடியிருந்துச்சு, நான் பார்க்கல. புள்ளிக் கோடு போட்டிருக்கணும், முழுக் கோடு போட்டுட்டேன். தெரிஞ்சேதான் போட்டேன்.” கடைசி வாக்கியத்தைச் சொல்ல வேண்டும் என்று நினைத்திருக்கவில்லை, அதுவாக வந்தது. வேதமூர்த்தி மெதுவாகக் கேட்டார். “இதை இன்னும் அரை மணி கழிச்சுச் சொல்லியிருக்கலாமே, எண் வந்ததுக்கு அப்புறம்?” “எண் வந்தப்புறம் சொன்னா அதுக்கு வேற அர்த்தம் ஆயிடும் சார். எனக்குச் சாதகமா வந்தா பெருந்தன்மைம்பாங்க, பாதகமா வந்தா சாக்குன்னுவாங்க. இப்ப சொன்னா வெறும் தகவல்.” “அப்போ எல்லாம் ஒரே விரிப்புதான்னு ஒத்துக்கிறீங்களா?” “இல்ல சார்.” குரல் தானாக நிமிர்ந்தது. “பதினொண்ணுல பத்து தனித்தனி. ஒண்ணு தொடுது. இதைத்தான் பார்த்தேன், இதைத்தான் சொல்றேன்.” “சரி. குறிச்சுக்கிறேன்” என்றார். வைத்துவிட்டார்.

வெட்டிப்போட்ட ஒரு தூரின் மேல் முள் பார்த்து உட்கார்ந்தாள். அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள், அதற்கு இடம்விட்டுக்கூட உட்கார்ந்தாள், வரவில்லை. நெஞ்சுக்குள் கயிற்றில் தொங்கின அன்றைக்கு அடித்துக்கொண்ட மாதிரியே அடித்துக்கொண்டது. விசித்திரமாக இருந்தது, ஒன்றரை வருஷம் முழுவதையும் நான்கு வாக்கியத்தில் கெடுத்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறாள், உடம்பு திருவிழாவுக்குப் போய்வந்த மாதிரி இருக்கிறது. நாளை என்ன ஆகும். மறுபடி திரைக்கு முன்னால் உட்கார வைப்பார்கள். உட்காருவாள். அங்கே உட்கார்ந்தாலும் இந்தச் சுவரில் ஒரு முழம்கூட இனி அவளிடமிருந்து ஒளிந்திருக்கவில்லை. முழுசும் பார்த்தவள் அவள் ஒருத்திதான், இப்போதுதான் அதைச் சொல்லிக்கொள்ளும் உரிமை வந்திருக்கிறது. அஞ்சலாட்சி விறகை அடுக்கிக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்தாள். “யார்ட்டம்மா தப்பு தப்புன்னு சொன்ன, ஊட்டுக்காரர்ட்டயா?” “ஊட்டுக்காரர்லாம் இல்லக்கா. பெரிய அதிகாரி.” “தப்புன்னு சொல்லிட்டு பல்லக் காட்டிக்கினு குந்தியிருக்கற?” யசோதரா வாயைத் தொட்டுப் பார்த்தாள். உண்மைதான், சிரித்துக்கொண்டிருந்தாள். “கம்முனு இரு, இன்னாத்த கண்டுபுட்ட” என்று பெரம்பூர் பாஷை எங்கிருந்தோ புறப்பட்டு வந்தது, அலுவலகத்தில் இருபது வருஷமாக ஒளித்துவைத்த பாஷை. அஞ்சலாட்சி அதைக் கேட்டு விறகைப் போட்டுவிட்டுச் சிரித்தாள்.

பத்து நாற்பதுக்குப் போன் அடித்தது. ஷாகுல். பின்னால் எந்திரம் இரைந்தது, அவன் கத்தினான். “மேடம், நூத்தி எண்பத்து மூணு!” அவள் எழுந்துவிட்டாள். “சரியாச் சொல்லு.” “நூத்தி எண்பத்து மூணு மேடம். மூணு எடத்துல வச்சுப் பார்த்தாச்சு, மூணும் அதேதான். எண்ணெய் இருக்கு மேடம், பாட்டில்ல புடிச்சாச்சு, நல்ல எண்ணெய். ஆனா அழுத்தம் அதுவும் இல்ல, இதுவும் இல்ல. ஆபீஸ்ல கருவி கெட்டுப்போச்சுன்னு சத்தம் போடுறாங்க, வெளிய எடுத்து வேற கருவி இறக்குங்கிறாங்க. வேதமூர்த்தி சார் மட்டும் ஒண்ணும் பேசல. உங்களைச் சேர்க்கச் சொன்னாரு, இருங்க, லைன்ல போடுறேன்.” நூற்று எண்பத்து மூன்று. நூற்று எண்பத்து மூன்று. அவள் சுவரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு குடம், நடுவில் ஒரு பப்பாளித் தண்டைச் செருகியிருக்கிறது. ஒரு குடத்திலிருந்து ஒன்பது வருஷம் மொண்டார்கள், அடுத்த குடத்தில் கொஞ்சமே கொஞ்சம் இறங்கியிருக்கிறது. வேறு ஆறுதான். ஆனால் எங்கேயோ ஓரிடத்தில் ஒரு சின்ன வாயால் தொட்டுக்கொண்டிருக்கிற வேறு ஆறு. முழுக் கோட்டால் இந்த எண்ணைச் சொல்லியிருக்க முடியாது, விரிப்பாலும் சொல்லியிருக்க முடியாது. அந்த மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிற யாருக்கும் இந்த எண் புரியவில்லை. எதிரே வெயிலில் மூன்று குருவி வளைகளோடு பதில் நிற்கிறது, அவளுக்குப் புரிகிறது.

“யசோதரா, கேக்குதா?” “கேக்குது சார்.” “கருவி சரியாத்தான் இருக்கு, எனக்குத் தெரியும். காலையில நீங்க சொல்லாம இருந்திருந்தா நானும் அதைக் கெட்டுப்போச்சுன்னுதான் சொல்லியிருப்பேன்.” அவர் காகிதத்தைத் தன் பக்கம் இழுப்பது கேட்டது. “அந்த வாய் எவ்வளவு அகலம்?” அளக்கவில்லை. அத்தனையும் பார்த்தவள் அளக்கவில்லை. “ஒரு நிமிஷம் சார். அக்கா, இதோட நுனியக் கொஞ்சம் புடிங்க.” அஞ்சலாட்சி கொடுவாளை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து டேப்பின் நுனியை வாங்கினாள், ஊதாப் பட்டை முடிகிற இடத்தில் யசோதரா காட்டியபடி கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தாள். யசோதரா வலப்பக்கம் நடந்தாள், பட்டை மறுபடி தொடங்குகிற இடத்தில் டேப்பை இழுத்து வைத்துக் குனிந்து படித்தாள், இன்னொரு தடவை படித்தாள். “மூணு மீட்டர் நாப்பது, சார்.” “மூணு நாப்பது” என்று அவர் திருப்பிச் சொன்னார், பென்சில் காகிதத்தில் உரசுவது கேட்டது. “உங்க ஓடை அளவை வச்சு இங்க ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். கணக்கு வந்துட்டா இந்தக் கிணறு மட்டுமில்ல, மேற்குப் பக்கம் தோண்ட இன்னும் ரெண்டு எடம் இருக்கு. மேல் மணல் அந்த எடத்துல எவ்வளவு ஒசரம்?” அவள் அண்ணாந்து பார்த்தாள். மணல் செம்மண்ணில் முடிகிற இடம் மூன்று ஆள் உயரத்துக்கு மேலே இருந்தது. “ஏறணும் சார். நேரம் ஆகும்.” “ஏறுங்க.” போனை அணைக்காமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள், டேப்பின் வளையத்தைப் பல்லில் கடித்துக்கொண்டாள், சுத்தியலால் ஒரு பிடி வெட்டி அதில் காலை வைத்தாள். இரண்டாவது பிடிக்குக் கை நீட்டும்போது நெஞ்சுக்குப் பக்கத்திலிருந்து, சின்னதாக, ஆனால் தெளிவாக, வேதமூர்த்தி சாரின் குரல் அறையில் யாரிடமோ சொல்வது கேட்டது: “கொஞ்சம் பேசாம இருங்கப்பா. அவங்க அளந்துக்கிட்டிருக்காங்க.”